ஜூரி டியூட்டில துப்பாக்கிச்சூடு கேஸ் வந்தா, 'தற்காப்புக்குத்தான் சுட்டேன்'னு சொல்றத எப்படி எடை போடுறது?

ஃப்ளோரிடாவுல இருக்குற வாசகர் ஒருத்தர் கேட்டிருக்கார். சிட்டிசன்ஷிப் வாங்குன கையோட ஜூரி (கோர்ட்டுல கேஸக் கேட்டு தீர்ப்பு சொல்ற சாதாரண மக்கள் குழு) சம்மன் வந்திருச்சாம். "கொலை கேஸ்ல போய் உக்கார வெச்சா, சுட்டவன் தற்காப்புக்காகத்தான்னு சொன்னா நான் எத வெச்சு முடிவு பண்றது? ஜிம்மர்மேன் கேஸ்ல கையில ஆயுதமே இல்லாத பையன் செத்துப்போனான், சுட்டவர் விடுதலை. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது ஜீரணிக்கல. தற்காப்புன்னு சொல்றவன்தானே சார் அத நிரூபிக்கணும்?"னு கேக்குறார்.

அந்தக் கடைசி வரியிலதான் சிக்கலே இருக்கு, அதனால அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன். இந்தியாவுல படிச்சவங்களுக்கு அப்படித்தான் மனசுல பதிஞ்சிருக்கும், ஏன்னா அங்க சாட்சியச் சட்டமே அந்தப் பொறுப்ப குற்றம் சாட்டப்பட்டவர் தலையில வைக்குது (அங்கயும் சந்தேகத்துக்கு இடமில்லாம நிரூபிக்கத் தேவையில்ல, நம்புற மாதிரி இருந்தா போதும்ங்கிறது வேற விஷயம்). அமெரிக்காவுல அது தலைகீழ். ஒஹாயோ மாநிலம் ஒண்ணுதான் ரொம்ப நாளா பழைய முறையப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு, 2019ல அவங்களும் மாத்திட்டாங்க. இப்ப எங்க போனாலும், தற்காப்புன்னு சொல்றதுக்கு கொஞ்சமாவது ஆதாரம் கோர்ட்டுல வந்துட்டா போதும், அது தற்காப்பு இல்லன்னு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம காட்ட வேண்டியது அரசுத் தரப்பு வேலை. அதனால ஜூரி ரூம்ல நீங்க கேக்க வேண்டிய கேள்வி "இவன் சொல்றது உண்மையா?" இல்ல, "இது தற்காப்பு இல்லன்னு நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாம ப்ராசிக்யூட்டர் காட்டிட்டாரா?"ங்கிறதுதான். ரெண்டும் ஒண்ணு மாதிரி தெரியும், ஆனா உள்ள உக்காந்து பேச ஆரம்பிச்சா தீர்ப்பே மாறிப்போற அளவுக்கு வித்தியாசம்.

இத வெச்சு ஜிம்மர்மேன் கேஸ மறுபடி பாருங்க. 2012 பிப்ரவரி 26, சான்ஃபர்ட் ஊரு, மழை ராத்திரி. ட்ரேவான் மார்ட்டினுக்கு 17 வயசு, கடைக்குப் போய் ஸ்கிட்டில்ஸ் மிட்டாயும் ஒரு ஜூஸ் கேனும் வாங்கிட்டு திரும்பி வர்றான். ஜார்ஜ் ஜிம்மர்மேன், 28 வயசு, அந்தக் குடியிருப்போட காவல் குழுவுக்குப் பொறுப்பாளர், பையனப் பாத்தா சந்தேகமா இருக்குன்னு போலீசுக்கு போன் பண்றார். பின்னாடி போறீங்களான்னு போன் எடுத்தவர் கேக்க, ஆமான்னதும், அது எங்களுக்கு அவசியமில்லன்னு சொல்றாங்க. சில நிமிஷத்துல ரெண்டு பேருக்கும் கைகலப்பு, ஒரே ஒரு குண்டு, நெஞ்சுல. போலீஸ் உடனே கைது பண்ணல, ஊரே கொந்தளிச்சு ஏப்ரல்லதான் வழக்கு, 2013 ஜூலை 13 விடுதலை.

நமக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, இவரு பின்னாடி போகலன்னா எதுவுமே நடந்திருக்காதேங்கிற இடத்துல. நியாயமான எரிச்சல்தான், எனக்கும் உண்டு. ஆனா சட்டம் அங்க நிக்கல. கார விட்டு இறங்கி ஒருத்தர் பின்னாடி நடக்குறது மட்டும் குற்றமில்ல, அடிச்சோ அடிப்பேன்னு மிரட்டியோ சண்டைய மூட்டி விட்டிருந்தாத்தான் 'முதல்ல வம்புக்குப் போனவர்'ங்கிற விதி வரும், அந்த விதிய ஜூரிக்கு சொல்லுங்கன்னு அரசுத் தரப்பு கேட்டும் ஜட்ஜ் டெப்ரா நெல்சன் சேர்க்க மறுத்துட்டாங்க. ஆக அந்த ஆறு பேர் முன்னாடி இருந்தது அந்த ராத்திரி மொத்தமும் இல்ல, குண்டு வெடிச்ச அந்த சில நொடிதான்.

அந்த நொடிகளுக்கு வீடியோ கிடையாது. 911 அவசர போன் ரெக்கார்டிங்ல பின்னணில ஒரு அலறல் கேக்குது, அது என் மகன் குரல்னு ரெண்டு அம்மாவும் கோர்ட்டுல சாட்சி சொன்னாங்க. அதுக்கு மேல ஒரு ஜூரர் என்ன பண்ண முடியும் சொல்லுங்க.

அடுத்து மார்ட்டின் போட்டிருந்த ஸ்வெட்ஷர்ட்ல குண்டு துளைச்ச ஓட்டை. இத நான் எப்பவுமே உதாரணம் காட்டுறது வழக்கம், ஏன்னா ஃபாரன்சிக் சாட்சி எது வரைக்கும் உதவும், எங்க நின்னுடும்னு இதவிட நல்லா காட்ட முடியாது. துப்பாக்கி முனை துணிமேல ஒட்டி இருந்திருக்கு, ஆனா தோலுக்கும் முனைக்கும் நடுவுல ரெண்டுல இருந்து நாலு இஞ்ச் இடைவெளின்னு நோயியல் நிபுணர் வின்சென்ட் டி மாயோ சொன்னார். பையன் கீழ மல்லாந்து கிடந்திருந்தா துணி உடம்போட ஒட்டிக்கிட்டு இருக்கும், இடைவெளி வராது, மேல இருந்து குனிஞ்சிருந்தா துணி தொங்கும், இடைவெளி வரும். அதாவது சுட்ட நேரத்துல மார்ட்டின் மேல, ஜிம்மர்மேன் கீழங்கிற டிஃபென்ஸ் கதையோட இது ஒத்துப்போகுது, மேல இருந்தவன் கருப்பு டிரஸ்ல இருந்தான்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதோடயும் ஒத்துப்போகுது. ஆனா கவனிங்க, சண்டைய யாரு ஆரம்பிச்சது, அந்தப் பையன் பயந்துபோய் திருப்பி அடிச்சானா, எதையும் இது சொல்லாது. உடம்பு எந்த நிலையில இருந்துச்சுன்னு மட்டும்தான் சொல்லும், எக்ஸ்பர்ட் அதத் தாண்டி மேல போறப்ப உங்க காத லேசா மூடிக்கலாம்.

அப்புறம் 'உண்மையிலேயே உயிருக்கு ஆபத்து இருந்துச்சா'ன்னு ஃப்ளோரிடா சட்டம் கேக்கவே இல்ல. ஆபத்து நிஜமா இருக்கணும்னு கட்டாயமில்ல, அந்த இடத்துல நிதானமுள்ள ஒரு ஆளு இருந்தா, சுட்டாத்தான் தப்பிக்க முடியும்னு அவனுக்கும் தோணியிருக்குமாங்கிறதுதான் அளவுகோல். ஜிம்மர்மேன் காயம் பெருசா ஒண்ணுமில்லன்னு அரசுத் தரப்பு டாக்டர் சொன்னதும் அதனாலதான் எடுபடல, சாவுற அளவுக்கு அடி வாங்கிட்டுத்தான் சுடணும்னு சட்டத்துல எழுதல. அதே சமயம் "நான் பயந்துட்டேன்"னு ஒருத்தர் சொன்னா அதோட முடிஞ்சிடாது, அந்தப் பயம் நியாயமானதா இருக்கணும். கருப்பு நிறப் பையன், தலையில ஹூடி, அதனால பயம் வந்துச்சுன்னா அது நியாயமான பயமா? இந்தக் கேள்விய ஜூரி ரூம்ல யாராவது வாய்விட்டு கேட்டே ஆகணும், நம்மள மாதிரி பழுப்பு நிறக்காரங்களே கேக்கலன்னா வேற யாரு கேப்பா.

தீர்ப்புக்கப்புறம் ஜூரர்ல ஒருத்தர் டிவில பேசினாங்க, அந்தாளு கொலை பண்ணிட்டு தப்பிச்சுட்டார்னுதான் மனசு சொல்லுது, ஆனா சட்டப்படி நிரூபிக்க ஆதாரம் போதலங்கிற அர்த்தத்துல. நிறைய பேரு அவங்களத் திட்டினாங்க, என்னைக் கேட்டா அந்தம்மா ஜூரர் வேலைய ஒழுங்கா புரிஞ்சுக்கிட்டவங்க. 'நாட் கில்ட்டி'ன்னா 'நீ செஞ்சது சரி'ன்னு அர்த்தமில்ல.

அப்போ தற்காப்புன்னு சொல்லிட்டா எல்லாரும் வெளிய வந்துடுவாங்களான்னா, இல்ல. அதே ஃப்ளோரிடா, க்ளியர்வாட்டர், 2018 ஜூலை. ஒரு கடை வாசல்ல மாற்றுத்திறனாளி பார்க்கிங்ல கார் நிக்குது, உள்ள ஒரு பொண்ணு, சின்னப் பிள்ளைங்க. மைக்கேல் ட்ரெஜ்காங்கிறவர் அந்தப் பொண்ணுகிட்ட சண்டைக்கு நிக்கிறார், அவங்க கூட இருக்குற மார்கீஸ் மெக்லாக்டன் கடைக்குள்ள இருந்து வந்து ஒரே தள்ளு தள்ளுறார், ட்ரெஜ்கா கீழ விழுந்து, உக்காந்தபடியே துப்பாக்கிய எடுத்து சுட்டுடுறார். இங்க கேமரா இருந்துச்சு. ஓடவிட்டுப் பாக்குறப்ப தள்ளுனான், சுட்டான், அவ்வளவுதான்னு தோணும், ஷெரிஃபே ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் (ஓடாம நின்னு எதிர்க்கலாம்ங்கிற) சட்டத்தச் சொல்லி முதல்ல கைது பண்ணாம விட்டார். மெதுவா ஓட்டிப் பாத்தா, துப்பாக்கி வெளிய வந்ததும் மெக்லாக்டன் பின்னாடி போறது தெரியும். முன்னாடி வரல, காலு பின்னாடி போகுது, அதுக்கப்புறம்தான் குண்டு. அந்த ரெண்டடிதான் கேஸே. தள்ளுனது தப்பு, விழுந்தவருக்கு பயம் வந்ததும் உண்மையா இருக்கலாம், ஆனா எதிராளி விலகிப்போற அந்த நேரத்துல சுடறது தேவையான்னு கேட்டா ஜூரிக்கு பதில் சொல்றது கஷ்டமா இல்ல. 2019ல மேன்ஸ்லாட்டர்னு (கொலைக்கு ஒரு படி கீழான குற்றம்) தீர்ப்பு, 20 வருஷம் ஜெயில்.

ஸ்டாண்ட் யுவர் கிரவுண்ட் பத்தியும் ஒரு வார்த்தை. ஃப்ளோரிடாவுல 2005ல இருந்து இருக்கு, சட்டப்படி நீங்க இருக்கலாம்ங்கிற இடத்துல இருக்குறப்ப தப்பி ஓட வழி இருந்தும் ஏன் ஓடலன்னு கேக்கக் கூடாதுங்கிறதுதான் அதோட சாரம். சுட லைசென்ஸ் இல்ல. பயம் நியாயமானதா, சுடுறது தேவைப்பட்டுச்சாங்கிற கேள்வி அப்படியே நிக்குது. ஜிம்மர்மேன் லாயருங்க அந்தச் சட்டத்துல டிரையலுக்கு முன்னாடி கிடைக்கிற தனி விசாரணையே வேணாம்னுட்டாங்க, கீழ கிடந்து அடி வாங்குனவன் எங்க ஓடுறதுங்கிறதுதான் அவங்க வாதம்.

விஸ்கான்சின்ல கைல் ரிட்டன்ஹவுஸ் கேஸ்ல இருந்து ஒண்ணே ஒண்ணு எடுத்துக்கோங்க. 2020 ஆகஸ்ட், கெனோஷா கலவரத்துல ரெண்டு பேர் செத்து ஒருத்தர் காயம். 17 வயசுப் பையன் ரைஃபிள தூக்கிட்டு அங்க ஏன் போனான்னுதான் வெளிய மொத்தப் பேச்சும், ஆனா ஜூரி ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா தீர்ப்பு சொல்லணும், முதல் ஆளச் சுட்டது தற்காப்புன்னா அடுத்ததும் தற்காப்புன்னு தானா ஆகாது, திருப்பியும் அப்படியே. காயம்பட்டவரே, நான் துப்பாக்கிய அவன் பக்கம் நீட்டுனப்பத்தான் சுட்டான்னு சாட்சி கூண்டுல ஒத்துக்கிட்டார், அந்தக் குற்றச்சாட்டு அங்கயே ஆட்டம் கண்டுருச்சு. 2021 நவம்பர்ல எல்லாத்துலயும் விடுதலை.

இனி உங்க நடைமுறைக்கு வர்றேன். செலக்‌ஷன் அன்னைக்கு லாயருங்க நிறைய கேள்வி கேப்பாங்க, துப்பாக்கி வெச்சிருக்கீங்களா, போலீஸ் மேல நம்பிக்கை இருக்கா, இந்த மாதிரி கேஸ் பத்தி ஏற்கனவே கருத்து இருக்கானு. ஜிம்மர்மேன் தீர்ப்பு உங்களுக்கு ஜீரணிக்கலன்னு எனக்கு எழுதுனீங்களே, கேட்டா அத அங்கயும் சொல்லிடுங்க, அதுக்காகவே உங்கள அனுப்பிடணும்னு இல்ல, மறைச்சு மாட்டுனாத்தான் வம்பு. ஃப்ளோரிடாவுல சட்டப்படி மரண தண்டனைக்கு இடமில்லாத கேஸுக்கு ஆறு பேர்தான் ஜூரி, ஆறு பேரும் ஒத்துக்கணும், அதனால ஒவ்வொருத்தர் பேச்சுக்கும் கனம் ஜாஸ்தி.

குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டேறி பேசாம இருக்கலாம், ஜிம்மர்மேனும் பேசல, ட்ரெஜ்காவும் பேசல, அத வெச்சு எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஆனா சம்பவம் நடந்த உடனே போலீஸ்கிட்ட அவங்க சொன்னது டேப்பா வரும், அத வீடியோவோடயும் காயத்தோடயும் நொடி நொடியா ஒப்பிட்டுப் பாருங்க. சட்டம் புரியலன்னா ஜட்ஜுக்கு எழுத்துல கேக்கலாம், ஆனா கேள்வி குறிப்பா இருக்கணும். ஜிம்மர்மேன் ஜூரி மேன்ஸ்லாட்டர் பத்தி விளக்கம் கேட்டப்ப இன்னும் குறிப்பா கேளுங்கன்னு ஜட்ஜ் திருப்பி அனுப்பினாங்க, அவங்க அப்புறம் கேக்கவே இல்ல. நான் இங்க எழுதுனதும் ஜட்ஜ் படிச்சுக் காட்டுற விதியும் எங்கயாவது வேறுபட்டா ஜட்ஜ் சொல்றதுதான் சட்டம், என்னுது இல்ல.

இன்னொண்ணு, ஜூரில உங்க பேரு வந்துருச்சுன்னா அந்த நிமிஷத்துல இருந்து கூகுள், யூடியூப், வாட்ஸ்அப் குரூப் எதுலயும் அந்த கேஸத் தேடக் கூடாது, என்கிட்டயும் கேக்கக் கூடாது, கேட்டாலும் பதில் போட மாட்டேன். ராத்திரி சாப்பாட்டுல வீட்டம்மா "இன்னைக்கு என்னங்க நடந்துச்சு"ன்னு கேட்டா "முடிஞ்சதும் சொல்றேன்"னு சொல்லிட்டு ரசத்த ஊத்திக்கோங்க.