இயற்பியல் மாணவர் நிதிக்குப் பணம் கொடுக்கலாமா?

தம்பி, நீங்கள் முதுகலை படித்த பல்கலைக்கழகத்தின் இயற்பியல், வானியல் துறை மாணவர் நிதிக்கு நன்கொடை கேட்டுக் கடிதம் அனுப்பியிருப்பதாகவும், அவ்வளவு கட்டணம் வாங்கிய அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு நம் சிறு தொகை எதற்கு என்றும் கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான். கொடுங்கள் என்பதே என் பதில். ஆனால் எந்த நிதிக்குப் போகிறது என்று பார்த்துக் கொடுங்கள்.

கட்டணப் பணம் பெரும்பாலும் பல்கலைக்கழகத்தின் பொதுச் செலவில் கரைந்துவிடுகிறது. ஆய்வு மானியத்தையோ எந்த ஆய்வுக்காகத் தந்தார்களோ அதற்கு மட்டுமே செலவிட முடியும். மாநாட்டுக்குப் போய்வரும் செலவு, கோடை விடுமுறையில் ஆய்வு செய்யும் மாணவருக்கான ஊதியம் போன்றவை பல நேரங்களில் இரண்டிலும் அடங்காமல் நின்றுவிடுகின்றன. இவற்றுள் கோடைக்கால ஊதியத்தையே நான் முதன்மையாகக் கருதுகிறேன். வீட்டில் வசதியுள்ள மாணவர் ஊதியம் இல்லாமலும் ஆய்வகத்தில் உட்கார்ந்து பழகிக்கொள்வார். வாடகைக்குச் சம்பாதித்தாக வேண்டியவர் ஏதாவது கடையில் வேலைக்குப் போவார், பிறகு முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது ஆய்வு அனுபவம் இல்லாமல் பின்தங்குவார். இளங்கலை மாணவர்களுக்காக அமெரிக்க அரசின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் கோடைக்கால ஆய்வுத் திட்டம் இருக்கிறது என்றாலும், அதில் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டுமே ஊதியம் கிடைக்கும். மாணவர் விசாவில் வந்து படிக்கும் பிள்ளைகளுக்குத் துறையின் சொந்த நன்கொடை நிதியைத்தான் பல நேரங்களில் நம்ப வேண்டியிருக்கிறது.

நான் ஆண்டுதோறும் பணம் அனுப்பும் துறையில், மாணவர்கள் தம் கோடை ஆய்வுகளைச் சுவரொட்டிகளாக வைத்து விளக்கும் நாளுக்கு ஒருமுறை போயிருந்தேன். அந்த நிதியில் ஊதியம் பெற்ற மாணவி ஒருவர், விண்மீன் ஒன்றின் ஒளியளவு வரைபடத்தில் இருந்த சிறு பள்ளத்தை விரலால் தொட்டு, கோள் குறுக்கே கடந்த நேரம் அது என்றார். வியாழன் அளவுள்ள கோள் சூரியனைப் போன்ற விண்மீனைக் கடந்தால்கூட ஒளி ஏறத்தாழ 1 விழுக்காடுதான் குறையும் என்பதால், அந்தக் குறைவைக் கருவியின் பிழையிலிருந்து பிரித்தெடுப்பதற்கே கோடை முழுவதும் ஆயிற்றாம். என் பணம் எங்கே போயிற்று என்று அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை.

ஜோசலின் பெல் பர்னெல் 1967-இல் ஆய்வு மாணவியாக இருந்தபோது சீரான இடைவெளியில் ரேடியோ துடிப்புகளை அனுப்பும் பல்சார் என்ற விண்மீன் வகையில் முதலாவதைக் கண்டறிந்தவர். அதற்காக 1974-இல் நோபல் பரிசு அவருடைய வழிகாட்டிக்குத்தான் போயிற்று. 2018-இல் தமக்குக் கிடைத்த 30 லட்சம் டாலர் பரிசுத் தொகை முழுவதையும், இயற்பியலில் குறைவாக இடம்பெறும் பிரிவினரிலிருந்து வரும் முனைவர் பட்ட மாணவர்களுக்காக அவர் கொடுத்துவிட்டார். வானியற்பியலாளர் சுப்பிரமணியன் சந்திரசேகரும் 1930-இல் உதவித்தொகை பெற்றே கேம்பிரிட்ஜுக்குக் கப்பலேறினார். யாரோ ஒதுக்கிய பணத்தில் மாணவர்கள் மேலே வருவது இத்துறையில் புதிதல்ல.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். எண்டோமென்ட் எனப்படும் நிரந்தர நிதியில் சேரும் மூலத்தொகையைத் தொடுவதில்லை. ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 விழுக்காடு வரைதான் செலவுக்கு எடுப்பார்கள். பெருந்தொகைக்கு அது பொருந்தும். நீங்கள் கொடுக்கும் 200 டாலரிலிருந்து அதில் ஆண்டுக்கு 10 டாலர்கூட வராமல் போகலாம். ஆகவே, நடப்பாண்டிலேயே செலவிடப்படும் துறை நிதியைத் தேர்ந்தெடுத்து, படிவத்தில் "மாணவர் கோடைக்கால ஆய்வுக்கு" என்று எழுதிவிடுங்கள். பெறுபவர் யார் என்பதைத் துறைதான் முடிவு செய்யும். தெரிந்தவர் பிள்ளைக்கு என்று குறிப்பிட இயலாது, அப்படி இருப்பதே முறையும்கூட. பல நிறுவனங்கள் ஊழியர் கொடுப்பதற்கு ஈடான தொகையைத் தாமும் கொடுக்கின்றன. உங்கள் மனிதவளப் பிரிவில் அதை விசாரித்துவிட்டு, அதன் பிறகு பணத்தை அனுப்புங்கள்.