பார்சல் வந்ததா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: தீபாவளிக்கு முன்பே கிடைக்கும் என்று தேதி போட்டு இணையக் கடையில் பட்டுப்பாவாடை விற்றார்கள். பண்டிகை முடிந்த பிறகு வந்தது. பொருளில் குறை இல்லாததால் திருப்பி எடுக்க மாட்டார்களாம். – வாசகி, ஈரோடு

பதில்: எடுத்தே ஆக வேண்டும். 2020ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதி தவறி வந்த பொருளைத் திருப்பி வாங்க விற்பனையாளர் மறுக்கக் கூடாது. வெள்ளம், புயல் போன்றவற்றால் தாமதமானால் மட்டுமே விலக்கு. ஆண்டுதோறும் வரும் பண்டிகை நெரிசலை அந்தக் கணக்கில் சேர்க்க விடாதீர்கள்.

கேள்வி: நாள் முழுவதும் வீட்டில்தான் இருந்தேன். 'வாடிக்கையாளர் இல்லை' என்று குறுஞ்செய்தி வந்தது. மறுநாளும் அதே. பார்சல் திரும்பிப் போய்விட்டது, பணம் வரவில்லை. கடைக்காரர்கள் கூரியரைக் கேட்கச் சொல்கிறார்கள். – வாசகர், கும்பகோணம்

பதில்: இந்தப் பொய்க் குறிப்பைப் படித்தாலே எனக்குக் கோபம் வருகிறது. நீங்கள் கூரியருக்கா பணம் கொடுத்தீர்கள்? கடைக்குக் கொடுத்தீர்கள். கிடங்கில் ஏறுவது முதல் உங்கள் ஊர்க் கிளையில் இறங்குவது வரை பார்சல் ஒவ்வொரு இடத்திலும் ஸ்கேன் ஆகிறது. அது எங்கே நின்றது என்ற பதிவு அவர்களிடமே இருக்கும்போது உங்களை அலைக்கழிப்பது அநியாயம். வண்டியில் வரும் இளைஞரைத் திட்டாதீர்கள். பார்சலுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குபவர் மீது ஒரு நாளில் கொடுத்து முடிக்க முடியாத சுமையை ஏற்றுகிறவர்கள்தான் பொறுப்பு.

எனக்கு வந்த புத்தக அலமாரியில் இரண்டு பலகைகள் இல்லை. விற்றவரும் கூரியரும் ஒருவரையொருவர் கைகாட்டினார்கள். விற்ற தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதிய பிறகே பலகைகள் வந்தன. நீங்களும் எழுதுங்கள். அவருடைய பெயரும் தொடர்பு விவரமும் தளத்தில் இருந்தாக வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அப்போதும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமே இல்லை. கடை பெங்களூரில் இருந்தாலும் நீங்கள் தஞ்சாவூரிலேயே வழக்குத் தொடுக்கலாம்.

கேள்வி: சமூக ஊடக விளம்பரத்தில் 80 சதவீதத் தள்ளுபடி. பணம் அனுப்பினேன். இப்போது கடையின் பக்கமே இல்லை. – வாசகர், திருப்பூர்

பதில்: முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை, பொருள் வந்த பிறகு பணம் தரும் வசதியும் இல்லை. எதைப் பார்த்து அனுப்பினீர்கள்? உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழையுங்கள். தாமதித்தால் பணம் கைமாறிவிடும்.

கேள்வி: பனை ஓலைக் கூடைகளை இணையத்தில் விற்கிறேன். ஒரு கிலோகூட இல்லாத கூடைக்குக் கூரியரில் ஐந்து கிலோ கட்டணம் போடுகிறார்கள். ஏமாற்றா? – வாசகி, தூத்துக்குடி

பதில்: ஏமாற்று இல்லை, பெட்டி அடைக்கும் இடத்துக்கும் விலை உண்டு. நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பல நிறுவனங்கள் 5000ஆல் வகுக்கின்றன. 40×30×20 பெட்டி என்றால் 4.8 கிலோ. உண்மை எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கட்டணம். கூடைகளை அளவு வாரியாக ஒன்றுக்குள் ஒன்று அடங்கும்படி முடைந்து, தொகுப்பாக விற்றுப் பாருங்கள். அனுப்பும் முன் அளவு நாடாவோடும் தராசோடும் பெட்டியைப் படம் எடுத்து வையுங்கள். அளவைக் கூட்டிப் போட்டால் அதைக் காட்டிக் கேட்கலாம்.

கேள்வி: பிரிக்கும்போது வீடியோ எடுக்காவிட்டால் உடைந்த பொருளுக்குப் பணம் தர மாட்டார்களா? – வாசகர், வேலூர்

பதில்: சட்டத்தில் அப்படி நிபந்தனை இல்லை. ஆனாலும் எடுங்கள்.