குடியை விடுபவருக்கு சர்ச் மீட்புக் கூட்டம் உதவுமா? மனைவிக்கும் அங்கே இடம் உண்டா?

இரண்டுக்குமே ஆம். ஆனால் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன்: தினமும் நிறையக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், அதனால் முதல் சில நாட்களுக்கு டாக்டர் கட்டாயம் வேண்டும், ஜெபம் கூடவே இருக்கட்டும்.

அப்புறம் வரும் நீண்ட காலத்துக்குத்தான் இந்தக் கூட்டங்கள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரனில் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், அதாவது குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் அமைப்பு, எந்த மதத்தையும் சேர்ந்ததல்ல, என்றாலும் அதன் வேர் ஒரு கிறிஸ்தவக் குழுவில் இருக்கிறது, கூட்டங்களும் பல இடங்களில் சர்ச் ஹாலில்தான் நடக்கின்றன. 1991இல் கலிஃபோர்னியாவின் சேடில்பேக் சர்ச்சில் பிறந்த செலிப்ரேட் ரிகவரி என்ற மீட்புக் கூட்டம் வெளிப்படையாகவே இயேசுவை முன்வைப்பது, மலைப்பிரசங்கத்தை ஒட்டி 8 கொள்கைகள் வைத்திருக்கிறது. ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கிட மாட்டார்கள், அறிவுரையும் சொல்ல மாட்டார்கள், அங்கே கேட்டது வெளியே போகாது.

சரி, மனைவியான உங்கள் விஷயம். பாட்டிலைத் தேடி அலமாரியைக் கிளறுவது, ஆபீசுக்குப் போன் போட்டு 'அவருக்குக் காய்ச்சல்' என்று பொய் சொல்வது, ராத்திரி கதவுச் சத்தத்துக்குக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பது, இதெல்லாம் உங்களையும் கரைத்திருக்கும். 1951இல் அல்-அனான் என்று குடும்பத்தாருக்கே தனி அமைப்பு உருவானது இதற்காகத்தான். அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம், தயவுசெய்து போங்கள்.

மறுபடி குடித்துவிட்டால் 'விசுவாசம் போதவில்லை' என்று குத்திக்காட்டும் இடமோ, டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் இடமோ என்றால் வேறு கூட்டம் தேடுங்கள்.