பெடல் பேச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகளுக்கு 12 வயது, உயரம் 140 செ.மீ. ஓட்டுவது 24 இன்ச் சைக்கிள். எங்கள் குழுவோடு பட்டர்வொர்த்திலிருந்து அலோர் ஸ்டாருக்கு இரண்டு நாள் பயணம் போகிறோம். 25 கிலோமீட்டர் தாண்டினால் முழங்கால் வலிக்கிறது என்கிறாள். அழைத்துப் போகலாமா?
- ஒரு தந்தை, ஜெலுத்தோங்

பதில்: வலி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். முன்பக்கம் என்றால் சீட் தாழ்ந்திருக்கலாம், அல்லது கனமான கியரில் அழுத்தி மிதிக்கிறாள். பின்பக்கம் என்றால் சீட் உயரம் அதிகம். வளரும் வயதில் ஆறு மாதத்துக்கு முன் வைத்த சீட் இன்று பொருந்தாது. குதிகாலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் இருக்கும்போது கால் நேராக நீளவேண்டும். அந்த உயரத்தில் முன்பாதத்தால் மிதித்தால் முழங்கால் லேசாக மடங்கும். அதுதான் அளவு.

பெடல் பொருந்தியிருக்கும் கிராங்கின் உட்புறத்தில் அதன் நீளத்தைக் குறிக்கும் ஓர் எண் இருக்கும், அதையும் பாருங்கள். அவள் உயரத்துக்கு 152 மி.மீ. பொருந்தும். பெரியவர்களுக்கான 170 மாட்டியிருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் முழங்கால் அளவுக்கு மீறி மடங்கும். சீட்டை எவ்வளவு திருத்தினாலும் வலி போகாது. பிறகு கியர்: ஒரு முழங்கால் 15 விநாடியில் 18 முதல் 20 முறை மேலே வரவேண்டும். குறைந்தால் கியரை இறக்கச் சொல்லுங்கள். இத்தனைக்குப் பிறகும் வலித்தாலோ, முழங்கால் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்துத் தொட்டால் நொந்தாலோ பயணத்தைத் தள்ளிவைத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

சுங்கை பட்டாணி வரை சுமார் 35 கி.மீ.; முதல் நாளுக்கு அது போதும். மறுநாள் கிட்டத்தட்ட 60. பயிற்சியை அந்த 60-ஐ வைத்துத்தான் கணக்கிடவேண்டும். புறப்படுமுன் ஒரே நாளில் 45 கி.மீ. இரண்டு முறையாவது ஓட்டியிருக்கட்டும். பினாங்குத் தீவிலேயே குயின்ஸ்பே கடலோரம் போய்வந்து தூரத்தைச் சேர்க்கலாம். தெலுக் பஹாங் அணைக்கட்டு ஏற்றம் இந்தப் பயணத்துக்கு வேண்டியதில்லை. பிள்ளைக்குச் சைக்கிளே வெறுத்துப்போகும்.

குருண் ஊரைத் தாண்டி வயல்வெளி வந்துவிட்டால் நிழலே இல்லை. காலை வெயில் ஏறுமுன் அங்கே சேரப் பாருங்கள். விடிவதற்கு 7 மணிக்கு மேல் ஆகும் என்பதால் 6.30-க்குப் புறப்பட்டால் முன்பின் விளக்கு கட்டாயம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மடக்கு, சுமார் 150 மி.லி. குடிக்கட்டும். வழியெல்லாம் வளவளவென்று பேசி வந்தவள் திடீரென்று மௌனமானால், தலை வலிக்கிறது என்றால், உடனே நிழலில் நிறுத்தி உடம்பைக் குளிரவையுங்கள்.

கேள்வி: குழுவில் நான் மகனுக்கு முன்னால் போவதா, பின்னால் போவதா?
- ஒரு தாய், புக்கிட் மெர்தாஜாம்

பதில்: பின்னால், அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி. நெடுஞ்சாலையில் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால் குழு பழைய சாலையில்தான் போகும். அங்கே லோரி வலப்பக்கமாகத்தான் முந்தும். ஓட்டுநர் உங்களைச் சுற்றிப் போனால் பையனுக்கும் இடம் கிடைக்கும். முன்னால் போனால் அவனைப் பார்க்க அடிக்கடி திரும்புவீர்கள். திரும்பும்போதெல்லாம் வண்டியும் வளையும்.

வரிசையில் அவனை இரண்டாவதாக விடுங்கள். வேகத்தை அவன் கால் தீர்மானிக்கட்டும். கடைசியில் விட்டால் முன்னால் போகிறவர்கள் நின்று இளைப்பாறி, அவன் வந்து சேர்ந்ததும் கிளம்பிவிடுவார்கள். அதிகம் களைத்தவனுக்கே ஓய்வு இல்லாமல் போகும். முன்னால் போகிற சைக்கிளுக்கு இரண்டு மீட்டர் இடைவெளி விடச் சொல்லுங்கள். பிள்ளைகள் பிரேக்கை விடப் பேச்சில்தான் கவனமாக இருப்பார்கள்.

கேள்வி: குழுவில் எல்லாரிடமும் டியூப் இருக்கிறது. என் பிள்ளையின் 24 இன்ச் சைக்கிளுக்குத் தனியாக வாங்கவேண்டுமா?
- வாசகர், பிறை

பதில்: வேண்டும். அவர்களுடையது 700சி அல்லது 27.5 இன்ச் என்ற பெரிய சக்கர அளவாக இருக்கும். பிள்ளையின் 24 இன்ச் சக்கரத்துக்குப் பொருந்தாது. இரண்டு டியூப் வையுங்கள். வால்வும் பெரும்பாலும் வேறு: பிள்ளைகள் வண்டியில் மோட்டார் வால்வு, அவர்கள் பம்ப் மெல்லிய வால்வுக்கு மட்டுமே என்றால் காற்று ஏறாது. வீட்டிலேயே ஒருமுறை அடித்துப் பாருங்கள். புது டியூப் போடுமுன் டயரின் உட்புறத்தைத் துணியால் சுற்றித் தடவுங்கள். லோரி டயர் உதிர்த்த மெல்லிய கம்பி குத்திக்கொண்டிருந்தால் அடுத்த டியூபும் போய்விடும்.

கேள்வி: நடுவழியில் பிள்ளைக்கு முடியாமல் போனால்?
- வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: சுங்கை பட்டாணி, குருண், அலோர் ஸ்டார் மூன்றிலும் கேடிஎம் ரயில் நிலையம் உண்டு. மடக்காத சைக்கிளை ஏற்றலாமா என்று முன்பே விசாரித்து வையுங்கள். கூடவே வேன் வந்தால் இன்னும் நல்லது. படுக்கவைக்கும்போது செயின் பக்கம் மேலே இருக்கட்டும். கீழே இருந்தால் பின் சக்கரத்தருகே தொங்கும் கியர் கை வளைந்துவிடும்.