கடமானைத் தூக்க ஷெட் கூரை தாங்குமா?

கேள்வி: ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து பகுதியில் எங்களுக்கு ஒரு சிறு பண்ணை இருக்கிறது. மேய்ச்சல் நிலத்தில் இறங்கும் கடமான்களைச் சுட்டு, இறைச்சியை வீட்டுக்கு வைத்துக்கொள்கிறோம். தரையில் போட்டுத் தோலுரிப்பதில் முதுகு ஒடிகிறது. ஆகவே இணையத்தில் ‘500 கிலோ’ என்று போட்டிருந்த மின் ஹாயிஸ்ட் (கம்பிவடத்தால் சுமை தூக்கும் கருவி) ஒன்றை வாங்கிவிட்டேன். ஷெட் அமைத்துக் கொடுத்தவர் கூரையின் பர்லினில் (கூரைத் தகட்டுக்கு அடியில் ஓடும் குறுக்குச் சட்டத்தில்) இரண்டு போல்ட் போட்டு மாட்டித் தருகிறேன் என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரரோ, வண்டியில் இருக்கும் வின்ச்சை (வடத்தைச் சுற்றி இழுக்கும் கருவியை) கழற்றி மாட்டினாலே போதும் என்கிறார். ஷெட்டின் சட்டங்கள் எல்லாம் சீ வடிவத் தகடு, அதாவது ஆங்கில ‘C’ எழுத்துபோல் ஒரு பக்கம் திறந்திருப்பவை. ஓரச் சுவரின் உயரம் 2.7 மீட்டர். கூரை தாங்குமா?

பதில்: தாங்காது. பர்லினில் மாட்டித் தருகிறேன் என்பவரை மரியாதையாகத் திருப்பி அனுப்பிவிடுங்கள். ஹாயிஸ்டைப் பொறுத்தவரை நீங்கள் வாங்கியது பெரும்பாலும் உதவும்; ஆனால் பெட்டியின்மேல் அச்சடித்திருக்கும் எண் நீங்கள் நினைக்கும் பொருளில் உண்மையல்ல.

முதலில் எடையைப் பார்ப்போம். 1860-களில் இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் கொண்டுவந்து விக்டோரியாவில் விடப்பட்ட கடமான்கள் இன்று அந்த மலைக்காடுகளில் பெருகிக் கிடக்கின்றன. முழு வளர்ச்சி அடைந்த கிடாய் 200 கிலோவைத் தாண்டுவது புதிதல்ல. குடலை எடுத்த பிறகும் 150 கிலோவுக்குக் குறையாது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். இத்துடன் பின்னங்கால்களை விரித்துப் பிடிக்கும் இரும்புத் தூக்குக்கட்டை, கொக்கி, சங்கிலி எல்லாம் சேரும். சுமை ஆடும்போதும், மோட்டார் சட்டென்று நிற்கும்போதும், சட்டத்தின்மேல் விழும் விசை நின்ற எடையைவிடக் கூடுதலாகவே இருக்கும். ஆகவே ஹாயிஸ்டுக்கு 250 கிலோவும், அதைத் தாங்கும் சட்டத்துக்கு 500 கிலோவும் என்று கணக்கு வைப்பது நியாயமான அளவு.

இப்போது பெட்டியின்மேல் உள்ள அந்த 500. இந்த வகைச் சிறு ஹாயிஸ்டுகளுக்கு எப்போதும் இரண்டு எண்கள் உண்டு: 125/250, 250/500, 500/1000 என்று இரட்டையாகவே வரும். சிறிய எண், கம்பிவடம் ஒற்றையாகத் தொங்கும்போது தூக்கக்கூடிய சுமை. பெரிய எண், பெட்டியோடு வரும் கப்பியை வடத்தில் கோத்து, வடத்தின் முனைக் கொக்கியை ஹாயிஸ்டின் உடலில் அதற்கென்று உள்ள துளையில் மாட்டி, சுமையைக் கப்பியில் தொங்கவிட்டால் மட்டுமே பொருந்தும். அப்படிச் செய்தால் தூக்கும் வேகமும் பாதியாகும், உயரமும் பாதியாகும். விற்பவர்கள் பெரிய எண்ணை மட்டும் எடுத்துத் தலைப்பில் போடுகிறார்கள். ஒரே தொழிற்சாலைப் பொருள் ஐந்தாறு பெயர்களில், ஐந்தாறு நிறங்களில், ஐந்தாறு விலைகளில் விற்கப்படுகிறது. உங்களுடைய பொருளின் உடலில் அறைந்திருக்கும் தகட்டைப் படியுங்கள். அதில் 250/500 என்று இருந்தால் வைத்துக்கொள்ளலாம்; எப்போதும் கப்பியோடு இரட்டை வடமாகவே பயன்படுத்துங்கள். அந்தத் தகடே இல்லையென்றால், அல்லது ஆஸ்திரேலியாவில் மின்சாதனங்களுக்குக் கட்டாயமான ஆர்.சி.எம். குறி இல்லையென்றால், திருப்பி அனுப்பிப் பணத்தைக் கேளுங்கள்.

வண்டி வின்ச் பற்றி நீண்ட விளக்கம் வேண்டாம். அது தரையில் இழுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் பிரேக் தொங்கும் சுமையை மணிக்கணக்கில் பிடித்து வைப்பதற்காக அமைந்ததல்ல. ஹாயிஸ்டில் மின்சாரம் நின்றவுடன் தானாகவே இறுகும் பிரேக் இருக்கிறது. 

உங்கள் உண்மையான கவலையான கூரைக்கு வருகிறேன். பர்லின் என்பது கூரைத் தகட்டைத் தாங்கவும், காற்று கூரையைத் தூக்கும்போது பிடித்து நிறுத்தவும் வைக்கப்பட்ட மெல்லிய தகட்டுச் சட்டம். பல ஷெட்டுகளில் அதன் தடிமன் ஒன்று, ஒன்றரை மில்லிமீட்டர்தான். அதன் நடுவில் ஒரே புள்ளியில் 250 கிலோவைத் தொங்கவிடுவார்கள் என்று யாரும் கணக்குப் போடவில்லை. சரி, அதைவிடப் பெரிய ராஃப்டரில் (பர்லினைத் தாங்கும் சாய்வுச் சட்டத்தில்) மாட்டலாமே என்று அடுத்த ஆள் சொல்வார். உங்கள் ராஃப்டரும் சீ வடிவம்தான். முழு மூங்கிலைக் கையால் முறுக்க முடியாது; அதையே பிளந்து பிளாச்சாக்கினால் எளிதில் முறுகும். ஒரு பக்கம் திறந்திருக்கும் சட்டத்தின் நிலையும் அதுவே. அதன் கீழ் விளிம்பில் கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பு) போட்டு எடையைத் தொங்கவிட்டால், அது வளைவதற்கு முன்பே முறுகிவிடும். முறுகிய சட்டம் அடுத்த பலத்த காற்றில் கூரையைப் பிடித்து வைக்காது. முதல் மான் ஒன்றும் செய்யாது, இரண்டாவதும் ஒன்றும் செய்யாது என்பதால், மாட்டிக்கொடுத்தவர் ‘பார்த்தீர்களா’ என்று பெருமையாகச் சொல்வார்.

‘இது பொறியாளர் சான்று பெற்ற ஷெட்’ என்று விற்பனையாளர் காட்டும் தாளை வாங்கி வாசியுங்கள். அந்தச் சான்று காற்றுக்கும் கூரையின் சொந்த எடைக்கும் கூரையில் ஏறிப் பழுதுபார்க்கும் ஆளின் எடைக்கும்தான். தொங்கும் சுமை என்று ஒரு வரி அதில் தனியாக எழுதியிருந்தால் ஒழிய, அந்தத் தாளுக்கும் உங்கள் ஹாயிஸ்டுக்கும் சம்பந்தமில்லை. தொழிற்கூடத்தில் இதே கருவியை மாட்டினால் ஆய்வு, பதிவேடு, எழுதிவைத்த சுமை அளவு என்று ஆயிரம் கேட்கிற அமைப்பு, வீட்டு ஷெட்டில் மாட்டுபவனிடம் ஒரு பக்கக் குறிப்புத் தாளைக் கொடுத்துக் கடையிலிருந்து அனுப்பிவிடுகிறது. மான் தொழிற்கூடத்தில் விழுந்தாலும் வீட்டில் விழுந்தாலும் கீழே நிற்பவனுக்கு ஒரே எடைதான் என்பது எந்த அலுவலகத்துக்கும் உறைக்கவில்லை.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. கடிதம் எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்கள் ஷெட் அந்த விதிவிலக்கில் அடங்கும் என்று நம்புவதால், அதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய பண்ணைகளில் சில வைக்கோல் கொட்டகைகளும் ஆட்டுக் கம்பளி கத்தரிக்கும் கொட்டகைகளும் ‘ஐ’ வடிவக் கனத்த எஃகு உத்தரங்களால் கட்டப்பட்டவை. அந்த உத்தரம் உண்மையிலேயே உருக்கி உருட்டி எடுத்த கனத்த எஃகாக இருக்க வேண்டும். இரண்டு சீ தகடுகளை முதுகோடு முதுகாகச் சேர்த்துப் போல்ட் போட்டது தூரத்திலிருந்து ‘ஐ’ போலவே தெரியும், ஆனால் அது கணக்கில் சேராது. விளிம்பின் தடிமனைக் காலிப்பர் வைத்து அளந்து பாருங்கள்: இரண்டு மூன்று மில்லிமீட்டர் என்றால் அது தகடு. கனத்த உத்தரமே என்றாலும், நடு இடைவெளியில் மாட்டாமல் தூணுக்கு அருகில் மாட்ட வேண்டும். இரண்டு பக்க விளிம்புகளையும் சமமாகப் பிடிக்கும், சுமை அளவு பொறித்த கிளாம்ப்தான் பயன்படுத்த வேண்டும். விளிம்பில் துளை போடக்கூடாது. தூணின் அடி மண்ணுக்குள் துருப்பிடித்திருக்கிறதா என்று தோண்டிப் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் பிறகு, உள்ளூர்க் கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்து, ‘இந்த இடத்தில் இத்தனை கிலோ’ என்று எழுதிக் கையொப்பமிட வேண்டும். வாய்ச்சொல் போதாது. இவற்றில் ஒன்று குறைந்தாலும் விதிவிலக்கு இல்லை. உங்கள் ஷெட்டில் இருப்பது சீ தகடு என்று நீங்களே எழுதியிருப்பதால், இந்தப் பத்தி உங்களுக்கு உரியதல்ல.

உங்களுக்கு உரியது தனியாக நிற்கும் சட்டம். ஷெட்டுக்குள் இரண்டு கால்கள், மேலே ஒரு குறுக்கு உத்தரம், கால்களுக்கும் உத்தரத்துக்கும் இடையே மூலைத்தாங்கல்கள். கூரையோடு எந்தத் தொடர்பும் இல்லை. கால்கள் 2.4 மீட்டர் இடைவெளியில் நின்றால், 100-க்கு 50 மில்லிமீட்டர், 4 மில்லிமீட்டர் தடிமன் கொண்ட நீள்சதுரக் குழாயை உயரவாட்டில் நிறுத்தி உத்தரமாக வைப்பது தொடங்கத் தகுந்த அளவு. இறுதி அளவையும் வெல்டிங்கையும் அடித்தகட்டு போல்ட்டுகளையும் பொறியாளரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். சட்டம் முன்னும் பின்னும் சாயாமல் இருக்க அடியில் நீண்ட பாதங்களோ சாய்வுத் தாங்கல்களோ கட்டாயம் வேண்டும். ஹாயிஸ்டோடு வரும் பிடிப்பு வளையங்கள் குறிப்பிட்ட அளவுச் சதுரக் குழாய்க்கு என்று செய்யப்பட்டவை. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு குழாயைத் தேர்ந்தெடுங்கள். பொருந்தாத வளையத்தை வெட்டி வளைத்து மாட்டுவது வேண்டாம்.

உயரம் இன்னொரு சிக்கல். ஹாயிஸ்டின் உடல், கப்பி, தூக்குக்கட்டை ஆகிய மூன்றும் சேர்ந்து 70 சென்டிமீட்டர் அளவுக்கு விழுங்கிவிடும். பின்னங்காலில் தொங்கும் கிடாய் தலையோடு இரண்டு மீட்டரைத் தாண்டும். ஆகவே ஓரச் சுவர் பக்கம் வேண்டாம். கூரை உச்சிக்கு நேர் கீழே, உத்தரம் 3 மீட்டர் உயரத்தில் வருமாறு நிறுத்துங்கள். தலையை முன்பே எடுத்துவிட்டால் இந்த உயரம் போதும். உயரம் மிச்சப்படுத்த, மோட்டாரைச் சுவரில் தாழ்வாக வைத்து வடத்தை மேலே ஒரு கப்பியில் போட்டுத் திருப்பலாம் என்று சிலர் படம் போட்டுக் காட்டுகிறார்கள். அப்படிச் செய்தால், மேலே உள்ள கப்பியின்மேல் சுமையின் ஏறக்குறைய இரு மடங்கு விசை விழும் என்பதை அந்தப் படங்கள் சொல்வதில்லை.

மின்சாரத்துக்கு, 30 மில்லியாம்பியர் கசிவுத் துண்டிப்பான் பாதுகாப்பு உள்ள சாக்கெட் ஒன்றைச் சட்டத்துக்கு அருகிலேயே உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்தி, அவரிடம் மின்பாதுகாப்புச் சான்றிதழை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். சுருட்டி வைத்த நீட்டிப்பு ஒயரில் ஓட்டாதீர்கள். இந்த மோட்டார்கள் பத்து நிமிடத்தில் இரண்டு நிமிடம்போல ஓடுவதற்குத்தான் செய்யப்பட்டவை என்பதால், இடைவெளி விட்டு இயக்குங்கள். ரத்தம் கழுவும் அழுத்தக் குழாயை மோட்டார்ப் பக்கம் திருப்பவே வேண்டாம்.

மாட்டி முடித்ததும் மானைக் கொண்டுவராதீர்கள். 200 லிட்டர் பீப்பாய் ஒன்றில் தண்ணீரை நிரப்பினால் பீப்பாயோடு 200 கிலோவுக்குச் சற்று மேலே வரும். அதைத் தரையிலிருந்து பத்து சென்டிமீட்டர் தூக்கி, கால் மணி நேரம் விட்டு, பீப்பாய் இறங்குகிறதா, கால்கள் நகர்கின்றனவா என்று பாருங்கள். கொக்கி மேலே வரும்போது மோட்டார் தானாக நிற்கிறதா என்பதைச் சுமையில்லாமல் சோதியுங்கள். வடத்தை முழுவதும் இறக்கும்போது உருளையில் குறைந்தது மூன்று சுற்றாவது மிஞ்ச வேண்டும்.

வேலையின்போது, வண்டித் தட்டிலிருந்து மானைப் பக்கவாட்டில் இழுக்க ஹாயிஸ்டைப் பயன்படுத்தக்கூடாது. வடம் உருளையில் தாறுமாறாக ஏறி நசுங்கும், சட்டமும் சாயும். தூக்கியபின், சுமை அளவு பொறித்த சங்கிலியால் தூக்குக்கட்டையை உத்தரத்தோடு கட்டி, ஹாயிஸ்டைச் சற்று இறக்கி, எடை சங்கிலியில் நிற்கும்படி செய்துவிட்டுக் கத்தியை எடுங்கள். தோலைத் தரை வளையத்தில் கட்டி, ஹாயிஸ்டை மேலே இயக்கி உரிக்கும் பழக்கம் அப்பகுதியில் இருக்கிறது. அப்போது வடத்தில் ஏறும் விசைக்கும் மானின் எடைக்கும் தொடர்பே இல்லை. தோல் விடாவிட்டால் மோட்டார் தன்னால் முடிந்த மட்டும் இழுக்கும், விலை குறைந்த பல ஹாயிஸ்டுகளில் அதைத் தடுக்கும் சுமைக் கட்டுப்பாடும் கிடையாது. தோலைக் கையால் உரியுங்கள்.