அழுகிக்கொண்டே பேசும் நண்பன்

அன்புள்ள ஐயா,

நீங்கள் ஒரு கட்டுரையில் போகிற போக்கில் குறிப்பிட்டிருந்த 'ஆன் அமெரிக்கன் வேர்வுல்ஃப் இன் லண்டன்' படத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்தேன். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நானும் மனைவியும் உட்கார்ந்தோம். செத்துப்போன நண்பன் கழுத்துச் சதை தொங்க ஆஸ்பத்திரி அறைக்குள் வந்து நிற்கும் காட்சியில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்து, "இதுல சிரிக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்றாள். பதில் சொல்லத் தெரியவில்லை. படம் முடிந்தபோது எனக்குமே நெஞ்சை அடைத்தது. நம் ஊர்ப் பேய்ப்படங்களில் இல்லாத காமெடியா? அதற்கெல்லாம் சிரித்துவிட்டு இப்படிச் சங்கடப்பட்டதே இல்லை. இந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது?

ஆர்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.,

உங்கள் மனைவி கேட்டது சரியான கேள்வி. எனக்கும் அதற்கு ஒரு பதில் தேவைப்பட்டது.

படம் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். டேவிட், ஜாக் என்று இரண்டு அமெரிக்கப் பையன்கள், முதுகில் பையோடு இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் நடந்து ஊர் சுற்றுகிறார்கள். சாலையை விட்டு இறங்காதீர்கள், நிலாவிடம் ஜாக்கிரதை என்று ஒரு மதுக்கடையில் எச்சரித்து அனுப்புகிறார்கள். பேச்சு சுவாரசியத்தில் இருவரும் பாதை தவறிப் புல்வெளிக்குள் போய்விடுகிறார்கள். ஓநாய் ஜாக்கைக் கிழித்துக் கொல்கிறது. கடிபட்ட டேவிட் பிழைத்து, லண்டன் ஆஸ்பத்திரியில் கண் விழிக்கிறான். அங்கேதான் ஜாக் வருகிறான். பௌர்ணமியன்று நீயும் ஓநாயாவாய், நீ இருக்கும்வரை எனக்கு விமோசனம் இல்லை என்கிறான்.

இந்தப் பயங்கரத்தைச் சொல்ல வந்தவன் முதலில் என்ன கேட்கிறான்? கட்டிலருகே இருக்கும் காலைச் சாப்பாட்டைப் பார்த்துவிட்டு, ரொட்டி ஒரு துண்டு எடுத்துக்கொள்ளலாமா என்கிறான். பேசப்பேச, கழுத்தில் பிய்ந்து தொங்கும் தோல் துணுக்கு ஒன்று ஆடிக்கொண்டே இருக்கிறது. அவனோ தன் இறுதிச்சடங்குக் கதையைச் சொல்கிறான். அவன் ஆசைப்பட்ட பெண் அழுது புரண்டாளாம். கடைசியில் ஆறுதல் தேடி இன்னொருவன் வீட்டுக்குப் போய்விட்டாளாம். செத்த பிறகும் வாழ்க்கை தன்னைக் கேலி செய்கிறது என்று அலுத்துக்கொள்கிறான். புல்வெளியில் நடந்து வந்தபோது எந்தப் பெண்ணைப் பற்றிப் புலம்பினானோ, அவளைப் பற்றித்தான் இப்போதும் புலம்புகிறான். உடம்பு கிழிந்துவிட்டது, ஆள் மாறவில்லை.

நம் பேய்ப்படங்களில் காமெடியன் பயப்படுவான், நாம் அவன் பயத்தைப் பார்த்துச் சிரிப்போம். உண்மையான பேய் வந்ததும் காமெடி ஓரமாக ஒதுங்கிக்கொள்ளும். அந்தச் சிரிப்பில் இழப்பு எதுவும் இல்லை. இங்கே நம்மைச் சிரிக்க வைப்பதே பிணம்தான். 'அடப்பாவி, இவன் அப்படியே இருக்கிறானே' என்றுதான் சிரிக்கிறோம். அதே நொடியில், இவன் இனி இல்லை என்பதும் உறைக்கிறது. உங்கள் நெஞ்சு அடைத்தது படத்தின் முடிவில் என்று எழுதியிருக்கிறீர்கள். அது அந்த ரொட்டித் துண்டிலேயே ஆரம்பித்துவிட்டது என்று நினைக்கிறேன்.

பல வருடங்களுக்கு முன் என் நண்பன் ஒருவன் சின்ன வயதிலேயே இறந்துபோனான். ராத்திரி அவன் வீட்டு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தோம். அவன் மண்டபம் மாறிப்போய், முன்பின் தெரியாதவர்கள் கல்யாணத்தில் 51 ரூபாய் மொய் எழுதிச் சாப்பிட்டுவிட்டு வந்த கதையை ஒருவன் ஆரம்பித்தான். எல்லாரும் சிரித்துவிட்டோம். சத்தம் கேட்டு அவன் அம்மா வெளியே வந்தார். நாங்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டோம். "51 இல்லப்பா, 101. எங்கிட்டதான் வாங்கிட்டுப் போனான்" என்று சொல்லிவிட்டு எங்களோடு உட்கார்ந்துகொண்டார். இந்தப் படத்தில் ஜாக் வாய் திறக்கும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மாவின் குரல் கேட்கிறது.

இயக்குநர் ஜான் லாண்டிஸ் இந்தத் திரைக்கதையை 1969-ல் எழுதியவர். அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. ஒரு படப்பிடிப்பில் எடுபிடி வேலைக்காக யூகோஸ்லாவியா போயிருந்தபோது, இறந்தவர் எழுந்து வந்துவிடக்கூடாது என்று நாடோடி மக்கள் ஒரு பிணத்தை நாற்சந்தியில் கால் கீழாகப் புதைப்பதைப் பார்த்திருக்கிறார். எழுந்து வந்தே விட்டால் என்ன செய்வது என்ற கேள்வி அங்கேதான் பிறந்தது. சிரிப்புப் படத்துக்குப் பயம் அதிகம், பயப் படத்துக்குச் சிரிப்பு அதிகம் என்று பணம் போடுகிறவர்கள் தயங்கினார்கள். படம் வர 1981 ஆகிவிட்டது.

டேவிட் ஓநாயாக மாறும் காட்சியை எல்லாரும் புகழ்வார்கள். புகழ வேண்டியதுதான். ஒப்பனைக்கென்று ஆஸ்கர் தனிப்பிரிவு தொடங்கியதும் முதல் விருது இதற்காக ரிக் பேக்கருக்குத்தான் போனது. கணினி வித்தை கிடையாது. இருட்டில் மறைக்காமல், விளக்கெரியும் வரவேற்பறையில், கை நீள்வதையும் முதுகெலும்பு புடைப்பதையும் காட்டுகிறார்கள். நான் கவனிக்கச் சொல்வது வேறொன்றை. முந்தைய சந்திப்பில் டேவிட் கோபத்தில் ஜாக்கை நடமாடும் கொத்துக்கறி என்கிற மாதிரி திட்டியிருப்பான். இப்போது எலும்பு முறியும் வேதனையில் அலறிக்கொண்டே, அப்படிச் சொன்னதற்கு மன்னிப்புக் கேட்கிறான். முதல்முறை இதற்கும் நான் சிரித்தேன். இரண்டாம் முறை முடியவில்லை.

மூன்றாவது தடவை அவர்கள் சந்திப்பது பிக்காடில்லியில், ஆபாசப் படம் ஓடும் ஒரு தியேட்டரில். ஜாக் கிட்டத்தட்ட எலும்புக்கூடாகிவிட்டான், குரல் மட்டும் அதே குரல். முந்தைய இரவு டேவிட் கொன்றவர்களை, ரத்தம் சொட்டச்சொட்ட, கல்யாண வீட்டில் உறவுக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல் அவனுக்கு அறிமுகப்படுத்துகிறான்.

கடைசியில் சந்துக்குள் டேவிட் சுடப்பட்டு விழுந்துகிடக்க, அந்த நொடியே துள்ளலாக ஒரு பாட்டு வெடிக்கிறது. 'ப்ளூ மூன்'. தொடக்கத்தில் வெறிச்சோடிய புல்வெளிமீது மெதுவாக ஒலித்ததும், டேவிட் மாறும்போது சாம் குக் குரலில் வந்ததும் இதே பாட்டுதான். அழுவதற்கு ஒரு நிமிஷம்கூடத் தரவில்லையே என்று முதலில் எனக்கு லாண்டிஸ் மேல் கோபம் வந்தது. இப்போது இல்லை. மனைவியோடு இன்னொரு தடவை பார்த்தால், அந்தப் பாட்டு முடியும்வரை டிவியை அணைக்காதீர்கள்.

அன்புடன்