‘300’: கேடயமும் துடுப்பும் – கேள்வி பதில்

பாரசீகப் படையெடுப்பைக் கிரேக்கர்கள் எதிர்த்த கதையான ‘300’ படத்தின் இரண்டு பாகங்களைப் பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். என் ஆர்வம் பண்டைய கிரேக்கப் போர்முறை. அதைத் தாண்டிய கேள்விகளுக்கு என் பதில் சுருக்கமாகத்தான் இருக்கும்.

முதல் பாகம் அளவுக்கு இரண்டாம் பாகம் ஏன் மனதில் நிற்கவில்லை?

ஸாக் ஸ்னைடரின் முதல் பாகத்தில் ஸ்பார்ட்டா அரசர் லியோனிடஸ் கூனன் எஃபியால்டிஸிடம் பேசும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ‘கேடயத்தை உயர்த்து’ என்கிறார்; அவனால் முடியவில்லை. ஒருவனுடைய கேடயம் பக்கத்தில் நிற்பவனையும் காக்க வேண்டும், ஒரு இடத்தில் ஓட்டை விழுந்தால் மொத்த அணியும் சாயும் என்பது அங்கேயே நமக்குப் புரிந்துவிடுகிறது. அடுத்து வரும் தள்ளுமுள்ளுச் சண்டையில் நாமும் அந்த வரிசைக்குள் நிற்கிறோம். பிறகு வீரர்கள் அணியை விட்டு ஓடி ஓடித் தனியாக வெட்டுவது வேறு கதை. ஆனாலும் அடித்தளம் போட்டாயிற்று.

நோம் முர்ரோ இயக்கிய இரண்டாம் பாகம் (2014) கடற்போர்ப் படம். அதில் வரும் கிரேக்கப் போர்க்கப்பலின் ஆயுதம் அதன் மூக்கில் உள்ள வெண்கல முனை. அதை இயக்குவது 170 பேரின் துடுப்பு. அவர்கள் ஒரே தாளத்தில் வலித்தால்தான் எதிரியின் விலாவில் இடிக்க முடியும். முதல் பாகத்தில் கேடயத்துக்குக் கிடைத்த அந்த ஒரு காட்சி இங்கே துடுப்புக்குக் கிடைக்கவில்லை. மேல்தளத்து வாள்வீச்சும், கப்பலுக்குக் கப்பல் தாவும் குதிரையும்தான் கண்ணில் நிற்கின்றன. இது எனக்குப் பெரிய வருத்தம். ஏனென்றால் இரண்டு கதைகளில் பெரியது இதுதான்.

எதை முதலில் பார்ப்பது?

வெளிவந்த வரிசையிலேயே பாருங்கள்.

300 பேர் மட்டும்தான் நின்றார்களா?

இல்லை. முதல் பாகத்தின் போர் நடந்த தெர்மோபிலே கணவாயில் கூடியது ஏறத்தாழ 7,000 கிரேக்கர்கள். கடைசி நாளில் ஸ்பார்ட்டர்களோடு, தெஸ்பியா என்ற இன்னொரு கிரேக்க நகரத்தின் 700 தெஸ்பியர்களும் தாங்களாகவே நின்று மடிந்தார்கள். தயவுசெய்து தெஸ்பியர்களை விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்லாதீர்கள்.

இரண்டாம் பாகம் முதல் பாகத்துக்குப் பிறகு நடப்பதா?

முன்னும் பின்னும் நடக்கிறது. மாரத்தான் போர் கி.மு. 490. ஆர்ட்டிமீசியம் கடற்போர் தெர்மோபிலே நடந்த அதே நாட்களில், கி.மு. 480இல். சலாமிஸ் கடற்போர் அதே ஆண்டில், அதற்குப் பிறகு. ஒரு எச்சரிக்கை: மாரத்தானில் ஏதென்ஸ் தலைவர் தெமிஸ்டாக்ளிஸ் விட்ட அம்பால் பாரசீக அரசர் தாரியஸ் இறப்பதாகப் படம் காட்டுகிறது. தாரியஸ் அந்தக் களத்திலேயே இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து நோயில் இறந்தார். படத்தைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆர்ட்டிமீசியா உண்மையில் இருந்தவரா?

இருந்தவர். ஹாலிகார்னாசஸின் அரசி. இந்தப் போர்களின் வரலாற்றை எழுதிய ஹெரோடோட்டஸும் அந்த ஊர்க்காரர்தான். பாரசீகர் பக்கம் ஐந்து கப்பல்களோடு வந்தவர், சலாமிஸில் கடற்போர் வேண்டாம் என்று தாரியஸின் மகனான அரசர் செர்க்சஸுக்கு எடுத்துச் சொன்னவர். போரில் தன்னைத் துரத்திய ஏதென்ஸ் கப்பலிடமிருந்து தப்பத் தன் அணிக் கப்பலையே இடித்து மூழ்கடித்தார். அந்தப் போரில் அவர் சாகவில்லை. செர்க்சஸின் பிள்ளைகளை எஃபெசஸுக்கு அழைத்துப் போனவர் அவர்தான். ஈவா கிரீன் அந்தப் பாத்திரத்தில் அசத்துகிறார், ஆனால் படம் அவரைப் பழிவாங்கும் வெறிக்குள் சுருக்கிவிட்டது. அந்த அறிவைக் காட்டியிருந்தால் இன்னும் பயங்கரமாக இருந்திருக்கும்.

படத்தில் வரும் ஸ்பார்ட்டர்களின் அந்த உடம்பை ஏற்ற என்ன பயிற்சி?

நல்ல பயிற்சியாளரைக் கேளுங்கள். உண்மை ஸ்பார்ட்டர்கள் வெற்று மார்போடு போருக்குப் போகவில்லை.

துடுப்பு, துடுப்பு என்கிறீர்கள். வலித்தவர்கள் சவுக்கடி வாங்கிய அடிமைகள்தானே?

இல்லை. ஏதென்ஸ் கப்பல்களில் பெரும்பாலும் ஏழைக் குடிமக்கள். லாரியன் வெள்ளிச் சுரங்கப் பணத்தை மக்களுக்குப் பங்கு போடாமல் கப்பல் கட்டுங்கள் என்று தெமிஸ்டாக்ளிஸ் வாதாடினார். அந்தக் கப்பல்களில் உட்கார்ந்தவர்கள் அவருக்குச் சம்மதம் சொன்ன மக்களே.

அதே நண்பர்: அர்கினூசே போரில் (கி.மு. 406) அடிமைகள் வலித்தார்களே?

சரியான எடுத்துக்காட்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஏதென்ஸ் ஆள் இல்லாமல் தவித்த நேரம் அது. வலித்தவர்களுக்கு விடுதலையும் கொடுத்தார்கள். வழக்கமான நடைமுறையாக இருந்தால் விடுதலை எதற்கு?

இன்னொருவர்: யார் வலித்தால் என்ன, படத்துக்கு அது தேவையா?

தேவை. சலாமிஸ் வெற்றி துடுப்பு வலித்த கூட்டத்துக்குச் செல்வாக்கைக் கொடுத்து ஜனநாயகத்தை வலுவாக்கியது என்று அரிஸ்டாட்டிலே எழுதுகிறார். படத்தில் தெமிஸ்டாக்ளிஸ் சுதந்திரம் பற்றி நிறையப் பேசுகிறார். அந்தச் சுதந்திரம் கீழ்த்தளத்தில், வியர்வையில் உட்கார்ந்திருந்தது. கேமரா அங்கே போய் நின்றிருந்தால் அந்தப் பேச்சே வேண்டியிருக்காது.

கடைசியில் ஸ்பார்ட்டா கப்பல்கள் வந்து காப்பாற்றியது உண்மையா?

இல்லை. ஸ்பார்ட்டாவின் 16 கப்பல்கள் ஆரம்பத்திலிருந்தே சலாமிஸில் இருந்தன. மொத்தப் படைக்கும் தலைவரே யூரிபயாடிஸ் என்ற ஸ்பார்ட்டர்.

எந்த பாகத்தை முதலில் பார்க்கலாம்?

மேலே சொல்லிவிட்டேன். 300 பேர்தானா என்று மறுபடி கேட்ட மூவருக்கும் பதில் மேலேயே இருக்கிறது. தெஸ்பியர்களையும் சேர்த்துப் படியுங்கள்.

மூன்றாம் பாகம் எடுத்தால் எந்தக் கதை?

பாரசீகர்களை நிலத்தில் தோற்கடித்த பிளாட்டியா போர் என்று எல்லோரும் சொல்வார்கள். நான் தெமிஸ்டாக்ளிஸின் முடிவைக் கேட்பேன். அவர் காப்பாற்றிய ஏதென்ஸே ஓட்டுப் போட்டு அவரை நாடு கடத்தியது. அவர் போய்ச் சேர்ந்தது பாரசீகத்தில், செர்க்சஸின் மகனிடம். அந்த அரசர் மக்னீசியா நகரத்தை அவருக்குக் கொடுத்தார்.